குருதி வாங்கியவர்கள்

வட இந்தியாவில் முடி திருத்துபவரை 'ஹஜாம்' என்று சொல்வார்கள். அந்தச் சொல்லில் கலந்திருக்கும் ஏளனத்தை உணர இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சொல்லப்படும் தொனியே போதும். அதன் மூலம் அரபு. அரபியில் 'ஹஜ்ஜாம்' என்றால் கிண்ணம் வைத்து உடலிலிருந்து குருதி வாங்குபவர் என்று பொருள். அவர் செய்யும் மருத்துவத்திற்கு 'ஹிஜாமா' என்று பெயர். உறிஞ்சுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பாரசீகமும் உருதுவும் கடந்து இந்தச் சொல் இங்கு வந்து சேர்ந்தபோது அதிலிருந்த மருத்துவம் உதிர்ந்துபோய், சவரக்கத்தி மட்டுமே மிஞ்சியிருந்தது.

தமிழில் நடந்தது வேறு. இங்கு தொழிலின் பெரும்பகுதி போனபின்னும் பெயர் போகவில்லை. எங்கள் சமூகத்திற்கு 'மருத்துவர்' என்று பெயர். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'மருத்துவர், நாவிதர்' என்று ஒரே வரிசையில் அது இடம்பெற்றிருக்கிறது. பெரியப்பா மகன் அண்ணன் தம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது நாங்களும் உடன் சென்றிருந்தோம். பின்னால் நின்றவர் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா டாக்டருங்களா?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்றார்.

ஈழத்திலும் குமரி மாவட்டத்திலும் 'பரியாரி' என்ற சொல் நாட்டு வைத்தியரையும் குறிக்கும், நாவிதரையும் குறிக்கும். நோய்க்குப் பரிகாரம் செய்பவர் பரிகாரி, அது மருவிப் பரியாரி. தென்மாவட்டங்களில் நாவிதரைப் 'பண்டிதர்' என்று அழைப்பதுண்டு. வைத்தியருக்கும் அப்பெயர் உண்டு, தமிழ் கற்பித்தவர்களுக்கும் உண்டு. முதுகலைத் தமிழ் படித்துக் கல்லூரியில் பாடம் சொல்லும் எங்கள் தலைமுறையினர் இந்த மூன்றாவது பொருளின் வழியாகப் பழைய பெயருக்கே திரும்பி வந்திருக்கிறோம் என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

இவற்றையெல்லாம் இப்போது எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஹிஜாமாவினால்தான்.

*

நாங்கள் சிறுசேரியில் குடியிருக்கிறோம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் ஊரின் பெயர் ஊரைவிடப் பெரியதாகிவிட்டது. பழைய மாமல்லபுரம் சாலை 2008-இல் ராஜீவ் காந்தி சாலை ஆயிற்று. இப்போது அதன் மீது மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நாவலூரில் தொடங்கிக் கேளம்பாக்கம் வரை, பல் மருத்துவமனைகளுக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் நடுவே, 'ஹிஜாமா' என்றும் 'நபிவழி மருத்துவம்' என்றும் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். அங்கே வருகிறவர்களில் முஸ்லிம்கள் உண்டு, அல்லாதவர்களும் உண்டு. கணினியின் முன் அமர்ந்து கழுத்து இறுகிப்போன இளைஞர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள், ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கிச் சலித்த முதியவர்கள் என்று பலர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் வட்ட வட்டமான சிவந்த தடங்களோடு தோன்றிய பிறகு, கிண்ணம் வைப்பது நாகரிகமான செய்தியாகவும் ஆகிவிட்டது. ஃபெல்ப்ஸ் செய்துகொண்டது கீறலற்ற உலர்முறை. ஹிஜாமா என்று பலரும் தேடி வருவது கீறிக் குருதி வாங்கும் ஈரமுறை.

அண்ணன் நாவலூர்ப் பக்கம் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணிக்கு நிற்கத் தொடங்கினால் இரவு 10 மணிக்குத்தான் கால் மடங்கும். அவருக்குத் தோள்பட்டையிலும் இடுப்பிலும் வலி வந்து ஓராண்டாயிற்று. நாற்காலியில் உட்காருவதால் வரும் வலியோடு வருகிறவர்களுக்கு, நிற்பதால் வந்த வலியோடு முடி வெட்டிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர்தான் ஹிஜாமா செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி தயங்கினார். எனவே குடும்பமாகவே கிளம்பிப் போனோம்.

கேளம்பாக்கத்தில் ஒரு மாடியறை. மருத்துவர் இளைஞர், யுனானியில் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர், தென்மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, காயம் பட்டால் குருதி நிற்க நேரமாகுமா என்று வரிசையாகக் கேட்டார். இரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு அண்ணனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை ஸ்பிரிட்டால் துடைத்தார். தோள்களுக்கு நடுவிலும் இடுப்பிலுமாக 7 கிண்ணங்கள். பழைய நாளில் கொம்பையோ சுரைக்குடுக்கையையோ வைத்து வாயால் உறிஞ்சினார்கள், அல்லது உள்ளே தீயைக் காட்டிக் காற்றை வெளியேற்றினார்கள். இப்போது நெகிழிக் கிண்ணமும் கைப்பம்பும் போதும். பம்பை இழுக்க இழுக்கத் தோல் பணியாரம்போல் உப்பிச் சிவந்தது. சில நிமிடங்கள் கழித்துக் கிண்ணங்களை எடுத்துவிட்டு, அறுவைக்கத்தியின் நுனியால் பூனை பிறாண்டியதுபோல் மெல்லிய கீறல்கள் இட்டார். மீண்டும் கிண்ணங்கள் ஏறின. கருஞ்சிவப்பாக ஊறிய குருதி கிண்ணத்துக்குள்ளேயே கூழ்போல் உறைந்தது. அதைத் துடைத்து மருந்திட்டு ஒட்டும்வரை அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கண்ணே?" என்று துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முடி வெட்டுற வேலைதான் தம்பி."

அவர் கை ஒரு கணம் நின்றது. "அப்ப நீங்கதான் எங்களுக்கு உஸ்தாது. ஹஜ்ஜாம்னு எங்க கிதாபுல வர்ற பேரத்தான் வடக்க உங்க தொழிலுக்கு வச்சிருக்காங்க. எங்க ஊர்ல ஒசான்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அவங்கதான் இதச் செஞ்சது. எங்க வீட்டு ஆளுக யாரும் கையால தொட்டிருக்க மாட்டாங்க."

"இப்ப நீங்க தொடுறீங்களே."

"ஆமாண்ணே, அஞ்சரை வருசம் படிச்சிட்டு."

இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை வலியைப் பற்றியது அன்று. "கத்திய அந்த வெள்ள டப்பாவுல போட்டாரு பாத்தீங்களா? அதத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய காலத்தில்தான் அண்ணன் பெரியப்பாவின் பழைய சவரக்கத்தியை மூட்டை கட்டிவிட்டு, பிளேடைப் பாதியாக உடைத்து ஆளுக்கொன்று மாட்டும் முறைக்கு மாறினார். கத்தியின் அறம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

*

தமிழ் முஸ்லிம்களிடையே முடி திருத்தியும் சுன்னத் செய்தும் வந்தவர்களை 'ஒசா' என்றும், மலபாரில் 'ஒஸ்ஸான்' என்றும் அழைத்தார்கள். பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நின்று தொழுதவர்கள் பெண் கொடுக்கல் வாங்கலில் மட்டும் அவர்களைத் தனியே நிறுத்தினார்கள். சமத்துவத்தை வேதமாகக் கொண்ட ஒரு சமூகத்திலும் குருதியைத் தொட்ட கையைப் பற்றிய கூச்சம் எப்படி எஞ்சியது என்று தேடப் புகுந்தபோது, இந்தத் தடுமாற்றம் மிகப் பழையது என்று தெரிந்தது.

நபிமொழித் தொகுப்புகளில் அபூதைபா என்றொருவர் வருகிறார். அடிமையாக இருந்தவர், ஹஜ்ஜாம். நபிகள் நாயகத்திற்குக் குருதி வாங்கியவர் அவர். அதற்குக் கூலியாக அவருக்கு உணவுப்பொருள் அளந்து கொடுக்கப்பட்டது. ஒன்றோ இரண்டோ 'ஸாவு' என்கிறது அறிவிப்பு. இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளினால் ஒரு ஸாவு. கூலி கொடுத்ததோடு நில்லாமல், அவருடைய எசமானர்களிடம் பேசி அவர் நாள்தோறும் அவர்களுக்குக் கட்டவேண்டிய தொகையைக் குறைக்கவும் நபிகள் செய்தார். அதே தொகுப்புகளில், ஹஜ்ஜாமின் வருமானம் இழிவானது என்று பொருள்படும் மற்றோர் அறிவிப்பும் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று அறிஞர்கள் நீண்ட காலம் விவாதித்தார்கள். அந்தக் கூலி விலக்கப்பட்டதாக இருந்திருந்தால் நபிகள் அதைக் கொடுத்தே இருக்கமாட்டார் என்று இப்னு அப்பாஸ் கூறியது பெரும்பாலோரால் ஏற்கப்பட்டது.

மருத்துவம் புனிதம், செய்பவனின் கூலி ஐயத்திற்குரியது. இந்த முரண் எங்களுக்குப் புதிதல்ல. தாத்தா வாங்கியதும் தானியக் கூலிதான். சிறுசேரிக்குத் தெற்கே சிறிது தூரத்திலுள்ள திருப்போரூரின் பதினெட்டாம் நூற்றாண்டு ஊர்க்கணக்குகள் 2001-இல் அச்சாகி வந்தன. செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்டு 1767 தொடங்கி 1774 வரை நடத்திய அளவையை ஒட்டிய ஓலைக் கணக்குகள் அவை. விளைச்சலைப் பங்கிடும் முன்பு களத்திலேயே ஊர்த்தொழில் செய்தவர்களுக்கு எடுத்து வைத்த நெல், இப்பகுதி ஊர்க்கணக்குகளில் வரவுசெலவாகப் பதிந்திருக்கிறது. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என்று நீளும் அந்த வரிசைக்குரிய பங்கிற்குப் பெயர் 'சுதந்திரம்'. விடுதலை என்ற பொருள் அச்சொல்லின் மேல் ஏறுவதற்கு முந்தைய காலத்து வழக்கு அது. சுதந்திரம் வாங்கியவர்கள் அந்த ஊரை விட்டு எளிதில் போக முடியாதவர்கள் என்பதை நினைத்தால் சொல் கசக்கிறது.

தாத்தாவின் அடைப்பத்தில், அதாவது அவருடைய கருவிப்பையில், சவரக்கத்தி இரண்டு, சாணைக்கல், தோல்வார், பித்தளைக் கிண்ணி, நகம் வெட்டும் உளி ஆகியவற்றோடு நுனி கூர்த்த ஒரு சின்னக் கத்தியும் இருந்தது. அது கட்டி கீறுவதற்கு. பழுத்த கட்டியைத் தொட்டுப் பார்த்தே இன்று, நாளை என்று நாள் சொல்வாராம். கீறிச் சீழும் குருதியும் வடித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டுவார். ஆயா மருத்துவச்சி. அந்த ஊரில் ஒரு தலைமுறையின் தொப்புள்கொடியை அறுத்தவர். இருவரும் கொல்லைப்புற வழியாகத்தான் வீடுகளுக்குள் போனார்கள். பிள்ளைப்பேறு முடிந்ததும் ஆயா நின்ற இடத்தில் நீர் தெளிப்பார்கள். பிறந்தநாள் முதல் ஆயா தூக்கிய பிள்ளைகளே பேச்சு வந்ததும் தாத்தாவை ஒருமையில் அழைத்தார்கள். தம் கழுத்தை அவருடைய கத்தியின் முன் நீட்டி உட்கார்ந்தவர்கள், அவர் தம் திண்ணையில் உட்காருவதை ஒப்பவில்லை. அப்பா பள்ளிக்கூடம் போனார். அந்தக் கத்தியைக் கையில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது அவர்தான், பெரியப்பா அடைப்பத்தோடு கேளம்பாக்கம் வந்து கடை வைத்தார்.

*

குருதி வாங்குதல் ஒரு நாட்டுக்கோ சமயத்துக்கோ உரியதன்று. சுசுருத சங்கிதை அதற்கு மூன்று கருவிகளைச் சொல்கிறது. வாதத்திற்குக் கொம்பு, பித்தத்திற்கு அட்டை, கபத்திற்குச் சுரைக்குடுக்கை. இலத்தீனிலும் இக்கிண்ணத்திற்குச் சுரைக்காயின் பெயர்தான். கிரேக்க மருத்துவம் அரபியில் பெயர்க்கப்பட்டு யுனானியாக வளர்ந்தபோது, குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் சமன்நிலையே உடல்நலம் என்ற கொள்கையோடு ஹிஜாமாவும் ஓர் இலக்கணத்திற்குள் வந்தது. இப்னு சீனா தம் 'கானூன்' நூலில், திங்களின் தொடக்கத்தையும் முடிவையும் தவிர்த்து நடுவில் செய்யச் சொல்கிறார். பிறைக்கணக்கில் 17, 19, 21 ஆகிய நாள்களைச் சமய மரபு சிறப்பிப்பதும் இதனோடு ஒத்துப் போகிறது. குர்துபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி தம் பெருநூலின் அறுவைப் பகுதியில் கருவிகளைப் படம் வரைந்தே காட்டினார்.

சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் 32 என்பர். அட்டைவிடல், கீறல், உறிஞ்சல், குருதி வாங்கல் என்பவை அவற்றுள் தனித்தனியே எண்ணப்பட்டிருக்கின்றன. 'கொம்பு கட்டல்' என்ற ஒன்றும் உண்டு. குருதி உறிஞ்சும் கொம்பு என்று நாங்கள் முதலில் நினைத்தது, எலும்பு முறிந்தால் மரச்சிம்பு வைத்துக் கட்டுவதாம். இங்கே கொம்பு என்பது மரக்கிளை. ஒரு பட்டியலைப் படிப்பதற்கே அதைச் செய்தவர்களின் கை தேவைப்படுகிறது.

அந்தக் கைகளுக்கு என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540-இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு 1745-இல் பிரிந்தார்கள். பிரிந்தபின் ஒரு பகுதியினர் மருத்துவராக உயர்ந்தார்கள். இங்கே பிரிவினை வேறு விதமாக நடந்தது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில், நாவிதர் அறுவை மருத்துவம் செய்வதும் அவர்தம் பெண்கள் பேறு பார்ப்பதும் நிகழ்கால வழக்காகவே பதிவாகியிருக்கின்றன. 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்த அக்குழு 1923-இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் உருவானது. பின்னர் 1979-இல் சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. ஏடும் வாய்மொழியுமாக இருந்த அறிவு பாடநூலாகி, பட்டமாகி, பதிவெண்ணாகியது. ஏடு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பாதையில் நுழைவது எளிதாக இருந்தது. அடைப்பம் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

இதைக் குறையாக மட்டும் சொல்ல முடியவில்லை. தாத்தா ஒரே கத்தியைத் துடைத்துத் துடைத்து எத்தனை பேருக்குப் பயன்படுத்தினார் என்று எண்ணினால் அச்சம் வருகிறது. கேளம்பாக்கத்து இளைஞரிடம் நாங்கள் கண்ட உறையும் வெள்ளை டப்பாவும் கல்லூரி தந்தவை. குறுகிய காலப் பயிற்சியோடு கிண்ணம் வைக்கக் கிளம்பியவர்களும் இன்று உண்டு. கருவி தூய்மையற்றதாயின் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். இரத்தசோகை உள்ளவர்களும், குருதி உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும், கருவுற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். நம்பிக்கையின் பெயரால் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுகிறவர், அந்த நம்பிக்கைக்கே நன்மை செய்யவில்லை.

இது நோயைத் தீர்க்கிறதா என்று கேட்டால், கழுத்துவலி, இடுப்புவலி ஆகியவற்றில் குறுகிய காலத் தணிவு கிடைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவ்வாய்வுகளின் தரம் உறுதியானதன்று. கிண்ணம் வைத்ததா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாமல் சோதிக்க இயலாது என்பது அடிப்படையான சிக்கல். கிண்ணத்தில் கருஞ்சிவப்பாய் உறைவதைக் 'கெட்ட இரத்தம்' என்று காட்டுகிறார்கள். தோலின் நுண்குழாய்களில் தேங்கி வெளிவரும் எந்தக் குருதியும் அப்படித்தான் கறுத்துத் தோன்றும், உடலுக்கு வெளியே வந்ததும் உறையும். சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் இதுவே மருந்து என்று எவரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடுவது நல்லது. அந்த இளைஞர் அப்படி எதுவும் சொல்லவில்லை. வலி குறையலாம், திரும்பவும் வரலாம், இரண்டு பேருக்கு நடுவில் 10 நிமிடமாவது உட்காருங்கள் என்றுதான் சொன்னார். அண்ணனுக்கு ஐந்தாறு வாரங்கள் தோள் இலேசாக இருந்தது. பிறகு வலி பழையபடி எட்டிப் பார்த்தது. கடையில் உயரமான ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். இன்னொரு முறை போவேன் என்கிறார். ஏனென்று கேட்டால், "அந்தத் தம்பி கையில மரியாத இருக்கு" என்பது அவருடைய பதில்.

அந்தப் பதிலை மருத்துவ ஆய்வின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியவில்லை. ஆனால் இலக்கியத்தில் அதற்கு இடமிருக்கிறது. கம்பன் கும்பகருணன் வதைப் படலத்தில் கட்டியை அறுத்துக் குருதி போக்கி மருந்திடுவதை உவமையாக்குகிறான். குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில், தன்னை அறுத்துச் சுடுகிற மருத்துவன்மேல் நோயாளி கொள்ளும் அன்பை இறைவன்மேல் தாம் கொண்ட அன்புக்கு ஒப்பிடுகிறார். கத்தி பிடித்த கையை அப்படி நேசிக்க முடியும் என்று ஆழ்வாருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆண்டுதோறும் இப்பாசுரத்தை வகுப்பில் நடத்தும்போது எந்த மாணவராவது, அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்தவர் யார் என்று கேட்பார். உரைகளில் அதற்கு விடை இல்லை. அறுவை செய்தவர்களில் எங்கள் முன்னோரும் இருந்தார்கள் என்று சொல்லி, தாத்தாவின் அடைப்பத்தில் என்னென்ன இருந்தன என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுகிறோம். இந்த ஆண்டு அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் 'ஹஜ்ஜாம்' என்ற சொல்லையும் எழுதினோம். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "ஐயா, இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்டாள். வராது என்றோம். எழுதியதை அவள் அடிக்கவில்லை.